பசுமை ஹைட்ரஜன் திட்டம்: பணம் யாருக்குப் போகிறது, பஸ் எப்படி ஓடுகிறது

ஹைட்ரஜன் கார் வாங்கினால் மத்திய அரசு மானியம் தருமா என்று கேட்கிறவர்கள் உண்டு. தராது. தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் தனிநபருக்கு வண்டி வாங்க உதவும் திட்டமே இல்லை. சரி, பணம் எங்கே போகிறது? ஏன் பஸ்ஸுக்கும் லாரிக்கும் போகிறது, காருக்கு வரவில்லை? ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃபியூயல் செல் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது தானாகவே விளங்கும்.

மத்திய அமைச்சரவை 2023 ஜனவரி 4 அன்று இந்த இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. மொத்த ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கும் திறன் வேண்டும் என்பது இலக்கு. ஒதுக்கீட்டில் பெரும்பங்கு, அதாவது 17,490 கோடி, ஹைட்ரஜனைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசர் கருவியைச் செய்யும் நிறுவனங்களுக்கும் ஊக்கத்தொகையாகப் போகிறது. ஹைட்ரஜன் தயாரிப்பவருக்குக் கிலோவுக்கு முதல் ஆண்டு அதிகபட்சம் 50 ரூபாய், இரண்டாம் ஆண்டு 40, மூன்றாம் ஆண்டு 30. ஏலத்தில் குறைந்த தொகை கேட்பவருக்கே கிடைக்கும். முன்னோடித் திட்டங்களுக்கு 1,466 கோடி, ஆராய்ச்சிக்கு 400 கோடி.

போக்குவரத்து வருவது அந்த 1,466 கோடிக்குள்தான்; அதற்கு 496 கோடி. 2025 மார்ச்சில் 37 வண்டிகளுக்கும் 9 நிரப்பு நிலையங்களுக்கும் சுமார் 208 கோடி உதவி அறிவித்தார்கள். புவனேஸ்வர் – கோனார்க் – பூரி, திருவனந்தபுரம் – கொச்சி உட்பட 10 வழித்தடங்கள். தமிழ்நாட்டுத் தடம் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. இந்த 37-ல் 15 மட்டுமே ஃபியூயல் செல் வண்டிகள். மற்ற 22-ல் ஹைட்ரஜனை எஞ்சினுக்குள் நேரடியாக எரிக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு, செய்திகளில் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

ஃபியூயல் செல்லில் எதுவும் எரிவதில்லை. நடுவில் பிளாஸ்டிக் தாள்போல மெல்லிய ஒரு சவ்வு, அதன் இரு பக்கமும் பிளாட்டினம் துகள் பூசிய பரப்பு. ஒரு பக்கம் ஹைட்ரஜன் வரும், மறுபக்கம் காற்று வரும். பிளாட்டினத்தைத் தொட்டதும் ஹைட்ரஜன் அணு புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரியும். சவ்வு புரோட்டானை உள்ளே விடும், எலக்ட்ரானை விடாது. வழி மறிக்கப்பட்ட எலக்ட்ரான் வெளியே கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகிறது. அந்தச் சுற்றுப் பாதையில்தான் மோட்டாரை வைத்திருக்கிறார்கள். மறுபக்கம் புரோட்டானும் எலக்ட்ரானும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகும். ஒரு செல் ஓடும்போது தருவது சுமார் 0.7 வோல்ட், பென்சில் பேட்டரியில் பாதி. அதனால் நூற்றுக்கணக்கான செல்களை அடுக்கி ஒரே பெட்டியாக்குகிறார்கள். வண்டிக்குப் பின்னால் புகை இல்லை, நீராவியும் சொட்டும் தண்ணீரும் மட்டும்தான். நகரத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அப்புறம் குறை. அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஏறக்குறைய 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த ஒரு கிலோவில் இருப்பது 33 யூனிட் ஆற்றல். ஃபியூயல் செல் அதில் பாதியைத்தான் மின்சாரமாக்கும், மீதி வெப்பமாகப் போய்விடும். ஆக 55 கொடுத்து 17 வாங்குகிறோம். அதே 55 யூனிட்டை பேட்டரியில் ஏற்றினால் 40-க்கு மேல் மோட்டாருக்குப் போய்ச் சேரும். குறைந்த தூரம் ஓடும் ஸ்கூட்டருக்கும் காருக்கும், இரவில் டிப்போவுக்குத் திரும்பும் டவுன் பஸ்ஸுக்கும் பேட்டரிதான் சரி என்பது என் எண்ணம்.

நீண்ட தூரம் பாரம் இழுக்கும் வண்டியில் கணக்கு மாறுகிறது. லாரியில் டன் கணக்கில் பேட்டரியை ஏற்றினால் அந்த அளவுக்குச் சரக்கு குறையும், சார்ஜ் ஏற மணிக்கணக்கில் நிற்கவும் வேண்டும். ஹைட்ரஜன் எடை குறைவு, நிமிடங்களில் நிரப்பலாம். ரயிலிலும் இதே யோசனைதான்: மின்கம்பி இல்லாத பாதையில் டீசலுக்கு மாற்று. சென்னை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் (ஐ.சி.எஃப்.) 2025 ஜூலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்தார்கள். ஆனால் அது ரயில்வேயின் தனித் திட்டம், இந்த இயக்கத்தின் பணம் அல்ல.

எடை குறைவு என்றாலும் இடம் அடைக்கும். சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜன் ஒரு சின்ன அறை அளவு, 11 கன மீட்டருக்கு மேல். பஸ்ஸில் அதை 350 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள். லாரி டயரில் இருப்பதைப் போல் 40 மடங்குக்கு மேல். தொட்டிக்கு கார்பன் இழை வேண்டும், அது விலை அதிகம். கசிந்தால் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், பகலில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. மிக இலேசானது என்பதால் திறந்தவெளியில் சட்டென்று மேலே போய்விடும். மூடிய கொட்டகைதான் ஆபத்து. அதனால் கசிவு காட்டும் கருவியும் கூரையில் காற்றுப்போக்கும் இல்லாமல் நிலையம் நடத்தக் கூடாது.

'பசுமை' என்ற சொல்லுக்கும் அளவு உண்டு. இயற்கை எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் 9 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். 2023 ஆகஸ்டில் அரசு வகுத்த விதிப்படி கிலோவுக்கு 2 கிலோவைத் தாண்டாமல் இருந்தால்தான் அது பசுமை. இந்த விதி கண்டிப்பாக நடப்பது முக்கியம். இல்லாவிட்டால் பஸ்ஸில் போகாத புகை ஆலையில் போகும்.

நேரடியாக விண்ணப்பிக்கக்கூடியவர்கள் நிறுவனங்களும் ஆய்வுக் கூடங்களும்தான். தொடக்க நிறுவனங்களுக்கென 100 கோடியில் ஒரு பிரிவை 2025-ல் அறிவித்தார்கள், ஒரு திட்டத்துக்கு 5 கோடி வரை. அறிவிப்புகள் மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் தளத்தில் வரும். ஹைட்ரஜன் கார் மானியத்துக்குப் பதிவுக் கட்டணம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.