கால் சைன் – அழைப்புக்குறி

அமெச்சூர் வானொலியில், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலி அலையில் பேசிக்கொள்ளும் வழக்கத்தில், ஒருவர் தம் சொந்தப் பெயரைச் சொல்லாமலே ஆண்டுக்கணக்கில் பேசிவிடலாம். கால் சைன் சொல்லாமல் பேசக்கூடாது. உரிமம் தரும் அரசு ஒவ்வொரு நிலையத்துக்கும் வழங்கும், எழுத்தும் எண்ணும் கலந்த தனிப்பெயர் அது. அதன் முன்னெழுத்துகளே நாட்டைச் சொல்லிவிடும்: வி.யு. என்றால் இந்தியா, ஜே.ஏ. என்றால் ஜப்பான்.

‘கால்’ என்பது அழைத்தல். ‘சைன்’, அடையாளம் என்று பொருள்படும் ‘சிக்னும்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. கம்பித் தந்திக் காலத்திலேயே அலுவலகங்களுக்கு ஓரிரு எழுத்துக் குறிகள் இருந்தன. முழுப் பெயரையும் புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறியீட்டில் தட்டிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. அந்தப் பழக்கம் கம்பியில்லாத் தந்திக்கும் தொடர்ந்தது. 1912இல் மூழ்கிய டைட்டானிக்கின் குறி எம்.ஜி.ஒய். முதல் எழுத்து மார்க்கோனி நிறுவனத்தைக் குறித்தது.

தமிழில் ‘அழைப்புக்குறி’ என்பதே பொருத்தம். ‘விளிக்குறி’ இன்னும் செறிவான சொல்தான். ஆனால் இலக்கண நூல்களில் அது நிறுத்தக்குறி ஒன்றின் பெயராகிவிட்டது. அழைப்புக்குறியிலும் ஒரு குறை உண்டு. பிறரை அழைப்பதற்கு மட்டுமே அது என்ற எண்ணத்தைத் தந்துவிடும். விதியின் உயிரோ தன்னை அறிவிப்பதில் இருக்கிறது. அமெச்சூர் நிலையங்கள் குறுகிய இடைவெளிகளில் தம் அழைப்புக்குறியை அனுப்ப வேண்டும் என்கின்றன பன்னாட்டு வானொலி ஒழுங்குவிதிகள். அமெரிக்காவில் இந்த இடைவெளி 10 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. உரையாடல் முடியும்போதும் சொல்ல வேண்டும். எதிர்முனையாளரின் குறியை எத்தனை முறை சொன்னாலும் அது கணக்கில் சேராது.

குரலைத் தரவாக மாற்றி அனுப்பும் டிஜிட்டல் முறைகள் வந்தபின் குழப்பம் கூடியது. அவற்றில் ஒன்றான டி-ஸ்டார் முறையில், பேச்சுப் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அழைப்புக்குறி தரவாக முன்னே செல்கிறது. டி.எம்.ஆர். என்ற இன்னொரு முறையில் செல்வது பெரும்பாலும் பேசுபவருக்கான 7 இலக்க எண். எதிர்முனைத் திரையில் பெயரும் குறியும் தெரிகின்றனவே என்று கேட்கலாம். பல கருவிகளில் அவை வானொலி அலையில் வந்தவை அல்ல. அந்தக் கருவியில் ஏற்கெனவே ஏற்றிவைத்த பட்டியலிலிருந்து வந்தவை. பட்டியல் இல்லாதவருக்கு வெறும் எண்தான் தெரியும். அரசு தந்த பெயருக்கு அந்த எண் ஈடாகாது.

டி-ஸ்டாரிலும் கவனம் வேண்டும். நண்பரின் கைக்கருவியை வாங்கிப் பேசிப் பாருங்கள்: குரல் உங்களுடையது, தரவில் போவது அவருடைய குறி. ஆகவே எந்த முறையானாலும் வாயால் சொல்லிவிடுவதே நேர்மையான வழக்கம் என்பேன். ஒவ்வோர் எழுத்தாக, வி-க்கு ‘விக்டர்’, யு-வுக்கு ‘யூனிஃபார்ம்’ என்று நிறுத்திச் சொல்ல ஐந்தாறு நொடிகள் போதும்.

எழுதும்போதும் இரண்டையும் கலக்க வேண்டாம். டி.எம்.ஆர். எண்ணை ‘அடையாள எண்’ என்று எழுதலாம். ‘அழைப்புக்குறி’ உரிமத்தில் உள்ள பெயருக்கு மட்டும் இருக்கட்டும்.