மலைக்குப் போய் வந்த தேதியைச் சொல்லுங்கள்

கார்த்திகை, மார்கழி வந்தால் எங்கள் திண்டுக்கல் பக்கத்துக் கிளினிக்குக்கு ஒரு வகை நாய்கள் வரத் தொடங்கும். எல்லாம் நன்றாக வளர்க்கப்படும் நாய்கள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, வாந்தி, பின்னங்கால் விறைத்த மாதிரி நடை. "மழையில நனைஞ்சுட்டான் டாக்டர், குளிர் பிடிச்சிருக்கும்" என்பார்கள். எப்போது நனைந்தான் என்று கேட்டால்தான் விஷயம் வரும்: பத்து நாளைக்கு முன்னால், நண்பர்களோடு தாண்டிக்குடி மலைப் பக்கம்.

வடகிழக்குப் பருவமழையில் கொடைக்கானல் கீழ்மலை அழகாகத்தான் இருக்கும். காப்பித் தோட்டத்துப் பாதையில் மேகம் இறங்கி நிற்கும். அங்கே நடக்கப் போவதை நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் மலையில் இருக்கும்போது எதற்கெல்லாம் பயப்படுகிறோமோ, அதைவிட இறங்கி வந்த பிறகு வருவதுதான் அதிகம். அது ஒரு வாரமோ மூன்று வாரமோ கழித்து வருவதால், மலையோடு அதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

முதலில் எலிக்காய்ச்சல். மனிதர்களுக்கு வருகிற அதே நோய்தான். எலி, மாடு, காட்டுப்பன்றி ஆகியவற்றின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா கிருமி வெளியேறும். காய்ந்த மண்ணில் சீக்கிரம் செத்துவிடும். தேங்கிய நீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாய் அந்தக் குட்டையில் நக்கினாலோ, பாதத்தில் சிறு கீறலோடு மிதித்தாலோ போதும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல், வாந்தி, தசைவலி வரும். அப்புறம் கண்ணின் வெள்ளையும் ஈறும் மஞ்சளாகும், சிறுநீரகம் பழுதாகும். தொடக்கத்திலேயே வந்தால் ஆன்டிபயாட்டிக்கும் சலைனும் வைத்துப் பெரும்பாலான நாய்களைத் தேற்றிவிடலாம். சிறுநீர் நின்ற பிறகு வந்தால் டயாலிசிஸ்தான் வழி. நாய்க்கு அந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது.

முதல் ஓரிரு நாளில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை பல நேரம் ஒன்றும் சொல்லாது. வெறும் அஜீரணம் மாதிரியே இருக்கும். அதனால்தான் மலைக்குப் போன தேதியை நான் இவ்வளவு நச்சரித்துக் கேட்கிறேன். சிகிச்சையை எப்போது தொடங்குவது என்பதையே அந்தத் தேதி மாற்றிவிடும்.

இந்த நாய்களில் பலவற்றுக்கு வீட்டிலேயே ஒரு பாராசிட்டமாலோ வலி மாத்திரையோ கொடுத்துவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாராசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கும், இப்யூபுரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சிறுநீரகத்துக்காக நாங்கள் போராடும்போது அந்த மாத்திரையோடும் சேர்த்துப் போராட வேண்டியிருக்கிறது. இன்னொன்று, அந்த நாயின் சிறுநீரை வெறுங்கையால் துடைக்காதீர்கள். கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், நாய்க்கு எலிக்காய்ச்சல் இருப்பதை உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது அட்டை. காலில் ஏறும் அட்டை பெரிய விஷயமே இல்லை. குடித்துவிட்டு அதுவே விழுந்துவிடும். காயத்தில் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், அவ்வளவுதான். எனக்குக் கவலை ஓடை நீரைக் குடிக்கும்போது மூக்குக்குள் போகும் அட்டைதான். வாரக்கணக்கில் உள்ளேயே இருந்து வளரும். நாய் தும்மிக்கொண்டே இருக்கும், ஒரு பக்க மூக்கில் மட்டும் விட்டுவிட்டு ரத்தம் வரும். வீட்டார் அடிபட்டது என்று நினைப்பார்கள். தாகத்தோடு இருக்கும் நாயின் மூக்கருகே ஒரு கிண்ணம் தண்ணீரைக் காட்டினால் சில சமயம் அட்டை தானாகத் தலையை நீட்டும், அப்போது இடுக்கியால் பிடிக்க வேண்டும். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் வீட்டில் முயன்றால் பாதி அறுந்து உள்ளே நின்றுவிடும். மூக்கில் உப்போ புகையிலையோ போடவே கூடாது. வீட்டுத் தண்ணீரையும் ஒரு கிண்ணத்தையும் கையோடு கொண்டுபோனால் எலிக்காய்ச்சல், மூக்கட்டை இரண்டுக்குமான ஆபத்து குறையும்.

மலையிலிருந்து வந்த அன்றே நாயின் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள்: காதுக்குள், கழுத்துப் பட்டைக்குக் கீழே, கால்விரல் இடுக்கில், அக்குளில். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி எல்லாம் வேண்டாம். உண்ணி பரப்பும் எர்லிகியா காய்ச்சல் வர ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும், இதிலும் மூக்கில் ரத்தம் வரலாம்.

குளிரைப் பற்றி ஒன்றே ஒன்று. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் காய்ந்த சமவெளி நாய்கள். மேல்முடி குட்டை, உடம்பில் கொழுப்பு இல்லை. லேப்ரடார் துள்ளி விளையாடும் அதே தூறலில் இவை நடுங்கும். நடுக்கம் தொடங்கினால் துடைத்து, போர்த்தி, வண்டிக்குத் திரும்புங்கள். நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கம் நின்று சோர்ந்து படுத்தால், குளிர் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அது இன்னும் மோசமான கட்டம்.

காப்புக்காட்டுக்குள் நாயைக் கூட்டிப் போகவே வேண்டாம். அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பது ஒரு பக்கம். சிறுத்தைக்கு நாய் இரை. காட்டெருமையைப் பார்த்துக் குரைத்துவிட்டு நாய் ஓடிவருவதும் உங்களிடம்தான். உரிமையாளரிடம் கேட்டுத் தோட்டப் பாதையில் கயிற்றோடு நடத்துங்கள்.

கூட வந்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. புதரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சுகள் கடித்து ஸ்க்ரப் டைஃபஸ் வரும். தமிழ்நாட்டில் இது மழையும் குளிருமான மாதங்களில்தான் அதிகம். கடித்துச் சுமார் பத்து நாளில் காய்ச்சலும் தலைவலியும் வரும். இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள் மாதிரி மறைவான இடத்தில் வலிக்காத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சரியான மாத்திரைக்குச் சீக்கிரம் கேட்கும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. இது நாயிடமிருந்து ஒட்டுவதில்லை. வீட்டில் பழி மட்டும் அதன் மேல் விழும்.

"ஊசி எல்லாம் போட்டாச்சு" என்று சொல்லும் பலர் வெறிநோய் ஊசியை மட்டும்தான் சொல்கிறார்கள். பலநோய்த் தடுப்பூசியிலும் லெப்டோ (எலிக்காய்ச்சல்) சேர்ந்தது, சேராதது என இரு வகை உண்டு. தடுப்பூசிப் பதிவு அட்டையில் ஒட்டிய ஸ்டிக்கரில் 'எல்' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா லெப்டோ வகையையும் அது தடுக்காது, ஆனாலும் போடுவது நல்லது. முதல் முறையென்றால் மூன்று, நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, அப்புறம் ஆண்டுக்கு ஒன்று. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மலைக்குப் போவதென்றால் முதல் ஊசியை நவம்பர் தொடக்கத்திலேயே போட்டாக வேண்டும்.