மோக்லிக்கு மூன்றே வாய்

போன லீவில் கோபியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்கா மகனுக்கு, ஓநாய்கள் வளர்த்த சிறுவன் மோக்லியின் பழைய கார்ட்டூன் தொடரைப் போட்டுக் காட்டினேன். ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989இல் தொடங்கிய 52 பகுதித் தொடர், நம்மூருக்கு தூர்தர்ஷன் வழியாக இந்தி பேசிக்கொண்டு வந்தது. 90களில் ஞாயிற்றுக்கிழமை காலையானால் எங்கள் தெருவில் டிவி இருந்த வீட்டுத் திண்ணையில் இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருப்போம். குல்சார் எழுதிய அந்தப் பாட்டில் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் முழுப் பாட்டையும் பாடுவோம். புலி ஷேர்கானுக்கு நானா படேகர் குரல் என்பதெல்லாம் ரொம்பப் பிறகு தெரிந்துகொண்டது. கதை நடப்பது மத்தியப் பிரதேசத்துச் சிவனிக் காட்டில், நானோ வடக்கே நீலமாகத் தெரிகிற சத்தியமங்கலம் மலைதான் மோக்லியின் காடு என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பையனுக்கு ஒன்பது வயது. பத்து நிமிடம் பேசாமல் பார்த்தான், அப்புறம் கேட்டான்: "ஏனுங் மாமா, இவங்க பேசுறப்ப வாய் மட்டுந்தான் ஆடுது, வேற ஒண்ணுமே அசைய மாட்டீங்குது?"

அவன் சொன்னது சரி. மோக்லி பேசுகிறான், தோள் அசையவில்லை, முடி அசையவில்லை, பின்னால் நிற்கும் கருஞ்சிறுத்தை பகீரா சிலை மாதிரி நிற்கிறது. முப்பது வருடமாக என் நினைவில் துள்ளி ஓடிக்கொண்டிருந்த தொடர் இவ்வளவு அசையாமல் இருந்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்படியானால் நான் பார்த்த ஓட்டமெல்லாம் எங்கே நடந்தது?

இதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பதில் சொல்லிக் கொடுத்தார்கள்: ஒரு பிம்பம் கண்ணில் கொஞ்ச நேரம் தங்கும், அது மறைவதற்குள் அடுத்தது வந்துவிடும், அதனால் நகர்வதுபோலத் தெரியும். யோசித்தால் இது பாதிதான் சரி. பழைய பிம்பம் தங்கி அதன்மேல் புதியது விழுந்தால், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொண்டு கலங்கலாகத்தானே தெரிய வேண்டும், ஓட்டம் எப்படித் தெரியும்? படம் விட்டுவிட்டு வருவது நமக்கு உறைக்காமல் இருப்பதற்கு வேண்டுமானால் அந்தத் தங்கல் உதவலாம். ஓட்டம் என்பது மூளை கட்டிக்கொள்கிற ஒன்று.

நம்ம ஊர் நோம்பியை, அதாவது திருவிழாவை, நினைத்துப் பாருங்கள். பாரியூர் அம்மன் நோம்பிக்கு சீரியல் லைட்டில் மயில் கட்டியிருப்பார்கள், தோகை விரியும், ஓரத்தில் ஒளி சரசரவென்று சுற்றி ஓடும். எந்த பல்பும் இடத்தை விட்டு நகர்வதில்லை, ஒன்று அணைகிறது, பக்கத்தில் இன்னொன்று எரிகிறது, அவ்வளவுதான். இரண்டு பல்புக்கும் நடுவே இருக்கிற வெறும் மூங்கில் தட்டியில் ஒளி ஓடியதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேக்ஸ் வெர்ட்ஹைமர் என்கிற உளவியலாளர் 1912இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றித்தான். இரண்டு கோடுகளை மாற்றி மாற்றிக் காட்டினார். இடைவெளி 200 மில்லி நொடி இருந்தால் ஒன்று போய் இன்னொன்று வந்ததாகத் தெரிந்தது, 30 மில்லி நொடியாகக் குறைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் எரிவதாகத் தெரிந்தது, நடுவில் 60 வாக்கில் வைத்தபோது ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்தது. "ஒரு பொருள் இங்கே மறைந்து பக்கத்திலேயே தோன்றினால், அது நகர்ந்துதான் போயிருக்கும்" என்று மூளை எடுத்துக்கொள்கிறது. காட்டில் வாழ்ந்த காலத்திலிருந்து அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வந்திருக்கிறது, அதனால் கேள்வி கேட்காமல் அதையே செய்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். சினிமா ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படக் கட்டம், ஓடும். 22 நிமிடப் பகுதி என்றால் 31,680 ஃபிரேம். அத்தனைக்கும் தனித்தனியாகக் கையால் வரைவது வாராவாரம் வரும் தொடருக்கு ஆகிற வேலையா? அதனால் ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள், நொடிக்கு 12 படம் போதும். மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினால் 8 படம், ஒவ்வொன்றும் 125 மில்லி நொடி. வெர்ட்ஹைமரின் கணக்கில் பார்த்தால் இது ஓட்டம் அறுந்துபோகாமல் நிற்கக்கூடிய விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதை நீங்களே சரிபார்க்கலாம்: கம்ப்யூட்டரில் யூடியூப் வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக முன்னால் போகும், காற்புள்ளி அழுத்தினால் பின்னால் வரும். நானும் பையனும் அன்று மத்தியானம் முழுக்க அதைத்தான் செய்தோம். சில பதிவுகளில் இரண்டு படம் ஒன்றோடொன்று கலந்து ஆவி மாதிரித் தெரியும், பயந்துவிட வேண்டாம், ஜப்பான் டிவி நொடிக்கு சுமார் 30 படம், நம்முடையது 25, மாற்றும்போது வந்த கலப்பு அது.

நொடிக்கு 8 படத்தில் ஒரு சிக்கலும் உண்டு. மூளை எப்போதும் முந்தைய படத்தில் எது பக்கத்தில் இருந்ததோ அதோடுதான் முடிச்சுப் போடும். சீலிங் ஃபேனை போனில் வீடியோ எடுத்தால் இறக்கை பின்னோக்கிச் சுற்றுவது இதனால்தான், அடுத்த இறக்கை முந்தைய இறக்கையின் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் வந்து நின்றால், பின்னால் வந்ததாகவே நாம் பார்ப்போம். ஓடுகிற ஓநாய்க்கு நான்கு கால். படங்களுக்கு இடையே தூரம் அதிகமானால் இந்தக் காலை அந்தக் காலாக மூளை எண்ணிக்கொள்ளும், ஓட்டம் தடுமாறும். பழைய தொடர்களில் அந்தப் பக்கத்துக் காலுக்கு மட்டும் ஒரு படி அடர்ந்த நிறம் அடித்திருப்பதை இனிமேல் கவனியுங்கள். நிழலுக்காகவும்தான், ஆனால் எந்தக் கால் எது என்று மூளைக்கு அடையாளம் சொல்வதும் அதுவே.

சரி, மோக்லியின் தோள் ஏன் அசையவில்லை? இங்கேதான் எனக்குத் திருப்பூர் ஞாபகம் வந்தது. கல்லூரி லீவில் பனியன் துணிக்கு பிரிண்ட் அடிக்கிற ஒரு பட்டறையில் சில மாதம் நின்றிருக்கிறேன். ஒரு டிசைனில் நான்கு நிறம் என்றால் நான்கு ஸ்கிரீன், அதாவது நிறம் இறங்கும் வலை கட்டிய சட்டம். முதலில் மஞ்சள், அதன்மேல் சிவப்பு, கடைசியில் கறுப்பு வெளிக்கோடு. மேசை ஓரத்தில் இருக்கும் இரும்புத் தடுப்பில் சட்டத்தை ஒட்டி வைத்து அடித்தால்தான் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரும், நூலளவு விலகினாலும் கிளியின் கண் மூக்கில் போய் நிற்கும். கார்ட்டூனும் இதே வேலைதான். 1914இல் வின்சர் மெக்கே கெர்ட்டி என்ற டைனோசரை ஆட வைத்தபோது, அசையாத பாறையையும் ஏரியையும்கூட ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. அதே காலத்தில் ஏர்ல் ஹர்ட் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார்: பின்னணியை ஒரே ஒரு முறை வரை, அசைகிறதை மட்டும் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில் வரைந்து மேலே வை. அந்தத் தாளுக்கு செல் என்று பேர். ஓரத்தில் துளை இருக்கும், மேசையில் அதற்கேற்ற முளை இருக்கும், துளையை முளையில் மாட்டினால் தாள் விலகாது. திருப்பூர்த் தடுப்பும் இந்த முளையும் ஒரே அறிவிலிருந்து வந்தவை என்று எனக்குத் தோன்றியது.

செல் வந்தபின் உடம்பையே துண்டு போடலாம் என்று ஆகிவிட்டது. உடம்பு ஒரு செல், தலை ஒன்று, வாய் ஒன்று. அமெரிக்காவில் 1957இல் தொடங்கிய ஹானா பார்பெரா நிறுவனம் டிவிக்குக் குறைந்த செலவில் எடுக்க இதைத்தான் பிடித்துக்கொண்டது. யோகி கரடிக்குச் சட்டையே கிடையாது, கழுத்தில் காலரும் டையும் மட்டும் ஏன்? தலை தனிச் செல், உடம்பு தனிச் செல், ஒட்டுகிற இடத்தை அந்தக் காலர் மறைத்துவிடும், தலையை மட்டும் மாற்றி மாற்றி வைக்கலாம். சின்ன வயதில் அதை அழகுக்குப் போட்ட டை என்றே நினைத்திருந்தேன்.

செல்லுக்கு இன்னொரு குணம் உண்டு, அதைக் கண்டுபிடித்தவன் பையன்தான். "மாமா, அந்தப் பாறை உருளப் போகுது" என்றான், உருண்டது. எப்படித் தெரிந்தது? பின்னணி ஓவியம் தாளில் தூரிகையால் தீற்றித் தீற்றி வரைந்தது, ஒரு பாறையில் பத்து நிறம் இருக்கும். அசையப்போகிற பாறை செல்லில் இருக்கிறது, முன்பக்கம் வெளிக்கோடு, பின்பக்கம் ஒரே சீராக அப்பிய பெயிண்ட், தட்டையாகத் தெரியும். அதோடு செல் என்னதான் தெளிவாக இருந்தாலும் கொஞ்சம் வெளிச்சத்தைக் குடிக்கும், நான்கு செல் அடுக்கினால் அடியில் இருக்கிற நிறம் மங்கும், எந்த அடுக்கில் வரப்போகிறது என்று பார்த்து அதற்கேற்ப நிறத்தை மாற்றிக் கலக்க வேண்டும். ஒரே சிவப்பு, அடுக்குக்கு அடுக்கு வேறு டப்பா. இந்த வேலையைச் செய்தவர்களின் பெயர்கள் கடைசியில் பொடி எழுத்தில் ஓடிப்போகும், நாங்கள் அதற்குள் எழுந்து விளையாடப் போய்விடுவோம்.

ஜப்பானில் ஒசாமு தெசூகாவின் அஸ்ட்ரோ பாய் 1963 ஜனவரி 1 முதல் வாராவாரம் வந்தது. மூன்று ஃபிரேமுக்கு ஒரு படம், முடிந்த இடத்தில் அசையாத படம், பறக்கிற காட்சியை எடுத்துவைத்துக்கொண்டு அடுத்தடுத்த வாரங்களிலும் போடுவது என்று எல்லாச் சிக்கனமும் அதில் உண்டு. சிக்கனம் என்பதற்காக இதை மட்டம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. எதை வரையாமல் விட்டால் பார்க்கிறவன் மூளை தானே நிரப்பிக்கொள்ளும் என்று தெரிந்திருப்பது சாதாரணக் கைவேலை இல்லை. ஓடுகிறவனைச் சட்டத்தின் நடுவிலேயே நிறுத்தி, ஆறேழு படத்தைச் சுழற்றிக்கொண்டு, அடியில் நீளப் பின்னணியை இழுப்பார்கள். ஈரோடு ஜங்ஷனில் பக்கத்து ரயில் நகர்ந்தால் நம் ரயில் கிளம்பிவிட்டதாக வயிறு சொல்லுமே, அதே விஷயம்தான், கார்ல் டங்கர் என்ற உளவியலாளர் 1929இல் எழுதியது. சுற்றியிருக்கிற பெரிய பரப்பு நகர்ந்தால், நடுவில் நிற்பது நகர்வதாக எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த ஓட்டத்தில் பாதி இந்த இழுப்பு.

குறைந்த படத்திலும் உடம்பின் கனத்தைக் காட்ட முடியும் என்பதற்கு, நம் பக்கம் அதிகம் பேர் பார்க்காத ஃபியூச்சர் பாய் கோனான் தொடரைச் சொல்வேன், 1978, ஜப்பானிய இயக்குநர் மியாசாகி இயக்கிய 26 பகுதி. பையன் குதிப்பதற்கு முன் ஒரு கணம் குறுகி உட்காருவான், அந்தப் படம் நீண்ட நேரம் நிற்கும், குதித்தபின் ஆகாயத்தில் படங்களுக்கு நடுவே தூரம் அகலமாக இருக்கும். எத்தனை படம் என்பதைவிட எந்தப் படம் எவ்வளவு நேரம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. அந்தத் தொடரைத் தேடிப் பாருங்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

வாய்க்கு வருகிறேன். அமெரிக்காவில் பெரும்பாலும் முதலில் குரலைப் பதிவு செய்துவிட்டு, அதற்கேற்ப உதட்டை வரைவார்கள். 1959இல் வந்த கிளட்ச் கார்கோ என்ற தொடரில் அதற்கும் காசில்லாமல், அசையாத ஓவிய முகத்தின்மேல் மனிதர்களின் நிஜ உதட்டை ஃபிலிம் எடுத்து ஒட்டினார்கள். பார்த்தால் உடம்பு கூசும். உதடு அவ்வளவு நிஜமாக இருப்பதால்தான் முகம் பொய்யாகத் தெரிகிறது. ஜப்பானில் வழக்கம் தலைகீழ். முதலில் படம், பிறகு அதைப் பார்த்துக் குரல். வாய்க்கு மூன்றே செல்: மூடியது, பாதி திறந்தது, முழுக்கத் திறந்தது. வசனம் எதுவானாலும் இந்த மூன்றும் மாறி மாறி வரும்.

நாம் காதால் மட்டும் கேட்பதில்லை. ஹாரி மெகர்க்கும் ஜான் மெக்டொனால்டும் 1976இல் வெளியிட்ட சோதனையில், ‘பா’ என்ற ஒலியை ‘கா’ என்று சொல்லும் முகத்தோடு சேர்த்துக் காட்டினார்கள், பலருக்கும் ‘டா’ என்று கேட்டது. கண் சொல்வதும் காது சொல்வதும் முரண்பட்டால் மூளை நடுவில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. நுணுக்கமாக ஆங்கிலத்துக்கு வரைந்த உதட்டில் தமிழ் வைத்தால் இடிப்பது இதனால்தான். மோக்லியின் கோட்டு வாய் எந்த எழுத்தையும் சொல்வதில்லை, அதனால் எந்த எழுத்தோடும் அதற்கு முரண்பாடு வராது. குரல் தொடங்கும்போது தொடங்கி, நிற்கும்போது நின்றால் போதும், சத்தம் அந்த வாயிலிருந்துதான் வருகிறது என்று நம்பிவிடுவோம். ஜப்பானியருக்கு வரைந்த வாய் இந்தி பேசியது, அதை கோபியில் தமிழ்ப் பிள்ளைகள் கேட்டோம், ஒருவருக்கும் இடிக்கவில்லை.

சாயங்காலம் பையன் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்றான். அம்மாவைப் பெற்ற தாத்தா அவனுக்கு அப்புச்சி, பாட்டி அம்மிச்சி. அப்புச்சியின் முகத்தை வாய் இல்லாமல் வரைந்தான். நோட்டு பைண்டிங்குக்குப் போடும் பிளாஸ்டிக் தாளில் மூன்று வாய், மார்க்கர் பேனாவில். இரண்டு ஆணியைப் பலகையில் அடித்து, பஞ்சிங் மெஷினால் துளை போட்டு மாட்டினோம். அப்புச்சியை "அம்மிணி, இங்க வா கண்ணு" என்று கூப்பிடச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு, ஒவ்வொரு வாயாக மாற்றிப் போனில் படமெடுத்து, நொடிக்கு 8 என்று ஓட்டினோம். பின்பாதி பொருந்தியது, "அம்மிணி" மட்டும் ஒட்டவில்லை. ம் என்று சொல்ல உதடு மூடியாக வேண்டும், அந்த ஒன்றைத்தான் கண் விடாமல் தேடும், இவனோ அந்த இடத்தில் திறந்த வாயை வைத்திருந்தான். தானே "அம்ம், அம்ம்" என்று சொல்லிப் பார்த்தான், கையை உதட்டில் வைத்துப் பார்த்தான், பிறகு மூடிய வாயைத் தேடி எடுத்து அந்த இரண்டு படத்தை மட்டும் மறுபடி எடுத்தான். ஓட்டியபோது சமையலறையிலிருந்து அம்மிச்சி "என்னங்க, கூப்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டு வந்து, போனில் பேசுகிற அப்புச்சியைப் பார்த்து நின்றுவிட்டார்.