2029க்கு மேல் தேதி போட்டுப் பார்த்தீர்களா?

உங்கள் கடையில் இன்னும் ஃபாக்ஸ்புரோவிலோ கிளிப்பரிலோ எழுதிய பழைய கறுப்புத்திரை சாஃப்ட்வேர் ஓடுகிறதா? அப்படியென்றால் இந்த வாரமே அதில் 01/01/30 என்று ஒரு தேதி அடித்துப் பாருங்கள்.

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், மின்ட் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீசுக்குப் போகிறவன் நான். 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் வரிக்கணக்கு டாலி சாஃப்ட்வேருக்குப் போய்விட்டது, ஆனால் ஸ்டாக்கும் வட்டிக் கணக்கும் பல கடைகளில் இன்னமும் பழையதிலேதான், டாஸ்பாக்ஸுக்குள் (பழைய டாஸ் புரோகிராம்களைப் புது கம்ப்யூட்டரில் ஓட்டித்தரும் சாஃப்ட்வேர்) ஓடுகிறது. அதில் தப்பில்லை. வேகமாக இருக்கும், பையன்களுக்குக் கை பழகியிருக்கும். கோளாறு தேதியில்: வருடம் 30 என்று அடித்தால் 2030 என்று எடுக்காமல் 1930 என்று எடுத்துக்கொள்கிறது.

சமீபத்தில் தண்டையார்பேட்டையில் ஒரு சர்ஜிக்கல் கடை. ஐந்து வருடக் காலாவதி உள்ள சிரிஞ்சுப் பெட்டி வந்திறங்கியிருக்கிறது. பையன் 03/30 என்று அடித்தால் 'எக்ஸ்பயரி ஆன சரக்கு' என்று பீப் அடித்து நின்றுவிடுகிறது. அவன் என்ன செய்தான் தெரியுமா? 12/29 என்று மாற்றி அடித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான். அந்தப் பொய்த் தேதி பில்லிலும் ஏறிப் போயிருக்கிறது, முதலாளிக்குத் தெரியவே தெரியாது. இதே மாதிரி கேஸ் எனக்கு நிறைய வந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

1999இல் வொய்2கே பயத்தில், அதாவது வருடத்தை இரண்டு இலக்கத்தில் வைத்திருந்த கம்ப்யூட்டர்கள் 2000ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்ற பயத்தில், எல்லோரும் ஓடியபோது, வருடத்தை நான்கு இலக்கமாக்க வேண்டுமென்றால் திரை, ரிப்போர்ட், பிரிண்ட் என்று எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டியிருந்தது. நிறையப் பேர் அதைச் செய்யவில்லை. 00 முதல் 29 வரை அடித்தால் 2000கள், 30 முதல் 99 வரை அடித்தால் 1900கள் என்று ஒரு எல்லைக்கோடு போட்டு முடித்துக்கொண்டார்கள். கிளிப்பரில் அதற்கு 'செட் எபாக்' என்று ஒரே வரி போதும். பழைய விண்டோஸும் இதே 1930–2029 கணக்கில்தான் வந்தது. (இந்த சாஃப்ட்வேர்கள் டேட்டாவைச் சேமிக்கும் டிபிஎஃப் ஃபைலுக்குள் தேதி எட்டு இலக்கமாகத்தான் பதிவாகிறது, அங்கே இடம் தாராளமாக இருக்கிறது. இரண்டு இலக்கம் கேட்கும் திரையில்தான் சறுக்கல்.)

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "ரெண்டாயிரத்துலயே ஒண்ணும் ஆகலையே சார், எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் கிளப்பிவிட்டது." ஐயா, ஒன்றும் ஆகாததற்குக் காரணம் உலகம் முழுக்க ஆட்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து திருத்தியது. அப்படியும் ஒன்றுமே ஆகவில்லை என்பது உண்மையில்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் கர்ப்பிணிகளின் வயதைக் கணினி தப்பாகக் கணக்கிட்டு, 150க்கும் மேற்பட்ட பெண்களுக்கு டவுன் சிண்ட்ரோம் பரிசோதனை முடிவு தவறாகப் போனது. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் தரைநிலையக் கணினி சில நாள் படுத்துவிட்டது, அதற்குக் காரணமே வொய்2கேக்காகப் போட்ட திருத்தம். 2020 ஜனவரி 1 அன்று நியூயார்க் பார்க்கிங் மீட்டர்கள் கார்டு வாங்க மறுத்தன, 2019க்கு மேல் அந்த சாஃப்ட்வேருக்குத் தேதி இல்லை. அன்று திருத்தியதில் ஒரு பகுதி தீர்வு, மீதி வெறும் தள்ளிப்போடல். தள்ளிப்போட்டது இப்போது வாசலுக்கு வந்து நிற்கிறது, 2030 வரை காத்திருக்காது. காலாவதித் தேதியும் கடைசித் தவணையும் முன்னாடியே போய் முட்டும். ஆட்டோ ஃபைனான்ஸில் கடைசித் தவணை 05/02/30 என்று போட்டால் அது 1930 பிப்ரவரி. அப்புறம் ரிப்போர்ட்டில் வரும் பாக்கியையும் அபராத வட்டியையும் நீங்களே நினைத்துப் பாருங்கள்.

புது பிசி வாங்கினால் சரியாகிவிடும் என்பதும் கிடையாது, அந்த எல்லைக்கோடு சாஃப்ட்வேருக்குள் இருக்கிறது. கடை ஓடும் மெஷினில் கம்ப்யூட்டரின் தேதியை மாற்றி மட்டும் சோதிக்காதீர்கள், தயவுசெய்து. சில சாஃப்ட்வேர் தானாகவே வருடக் கணக்கை முடித்துவிடும், அப்புறம் என்னைக் கூப்பிடுவீர்கள். முழு ஃபோல்டரையும் பென் டிரைவில் எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் போட்டு, 31/12/29, 01/01/30 இரண்டையும் அடியுங்கள். நான்கு இலக்க வருடம் தெரிகிற ரிப்போர்ட் ஒன்றைப் பிரிண்ட் எடுங்கள். கவுண்டர் பையனைத் திட்டாமல், எங்கெங்கே தேதியை மாற்றி அடித்தான் என்று கேளுங்கள், அவனுக்குத்தான் தெரியும்.

இதில் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. எல்லை வைத்தது தப்பில்லை, அன்றைய அவசரம் அப்படி. ஆனால் '2029 வரைதான்' என்று பில்லில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாமே? இப்போது போய்க் கேட்டால் புது வெர்ஷன் வாங்கச் சொல்கிறார்கள். புது வசதிக்குக் காசு கேட்பது நியாயம், தாங்கள் போட்ட எல்லைக்கோட்டை நகர்த்தவும் காசா? வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாகக் கைகொடுக்காது. ஆனால் சொந்த உழைப்பில் பிழைக்க மட்டுமே வாங்கியதென்றால் விதிவிலக்கு இருக்கிறது. வழக்குப் போடச் சொல்லவில்லை, அவர்களிடம் பேசும்போது இது தெரிந்திருந்தால் நல்லது.

ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கிற மாதம்தான் சரியான நேரம், பணம் அப்போது உங்கள் கையில் இருக்கும். எந்த வருடம் வரை தேதி ஏற்கும், அதை யார் எப்போது மாற்றுவார், சோர்ஸ் கோட் (சாஃப்ட்வேரைத் திருத்தத் தேவையான மூல நிரல்) யாரிடம் இருக்கிறது, இந்த மூன்றையும் அந்தப் பேப்பரிலேயே எழுதி, கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொண்டு செக் கொடுங்கள்.