கத்திரி வெயிலில் மண்ணை மூடிவைப்போம்: நாற்றழுகலுக்கும் நூற்புழுவுக்கும் நடவுக்கு முன்பே ஒரு வழி

தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றங்காலில் நாற்றுகள் தரையை ஒட்டிய இடத்தில் நசிந்து கொத்துக்கொத்தாகச் சாய்கின்றன. நட்ட வயலில் சில செடிகள் வெளிறிக் குட்டையாக நிற்கின்றன. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு. முதலாவது பித்தியம் முதலிய அழுகல் பூசணங்களால் வருவது. இரண்டாவது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. இரண்டுக்கும் இருப்பிடம் மண்தான். செடி வாடத் தொடங்கிய பிறகு வேரில் மருந்து ஊற்றினால் பெரும்பாலும் பணம்தான் போகும். மண்ணை நடவுக்கு முன்பே சரிசெய்வதுதான் வழி. அதற்கு வேண்டிய சூடு சித்திரை, வைகாசியில் நம் நிலத்தின் மேல் இலவசமாகவே கொட்டுகிறது.

கோடை உழவில் மண்ணைப் புரட்டிக் காயவிடுவதன் நோக்கமும் இதுதான். ஆனால் காயும் மண்ணில் சூடு மேல் இரண்டு விரல் கனத்தைத் தாண்டி அதிகம் இறங்குவதில்லை, இரவில் அதுவும் வெளியேறிவிடுகிறது. ஈரமண்ணின் மேல் நிறமற்ற பாலித்தீன் தாளை இழுத்து மூடினால் சூடு உள்ளேயே தங்கும். இஸ்ரேலில் யாக்கோவ் கட்டானும் அவருடைய குழுவினரும் 1976இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு வெப்பமான நாடுகள் பலவற்றிலும் இந்த முறை பரவியது. கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இஞ்சி நடும் பாத்திகளை 40 நாள் இப்படி மூடிவைக்கப் பரிந்துரைக்கிறது.

தாளின் நிறத்தில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். கையில் இருக்கும் கறுப்பு மல்ச்சிங் ஷீட்டையே விரித்துவிடுகிறார்கள். கறுப்புத் தாள் வெயிலைத் தானே வாங்கிக்கொண்டு சூடாகி, அதில் பெரும்பகுதியைக் காற்றுக்கே விட்டுவிடும். களையை அடக்கும், மண்ணை வேண்டிய அளவுக்குச் சூடாக்காது. நிறமற்ற தாள் வெயிலை நேரே மண்ணுக்கு விடுகிறது. மண் திருப்பி அனுப்பும் சூட்டை, தாளின் அடியில் படியும் நீர்த்துளிகள் தடுத்து நிறுத்துகின்றன. மூடிய சில நாட்களில் தாளின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருக்க வேண்டும். வியர்க்கவில்லை என்றால் மண்ணில் ஈரம் போதவில்லை, அல்லது எங்கோ காற்று நுழைகிறது.

ஈரத்தை இவ்வளவு வற்புறுத்த இரண்டு காரணங்கள். ஈரமண் சூட்டைக் கீழே நன்றாகக் கடத்தும். அதோடு, காய்ந்த மண்ணில் உறங்கிக் கிடக்கும் பூசண வித்துகளும் நூற்புழு முட்டைகளும் சூட்டை நன்றாகத் தாங்கும். ஈரம் பட்டு உயிர்ப்பு பெற்ற பிறகு அவை எளிதில் சாகும். நல்ல கோடையில் மேல் 5 செ.மீ. மண் பிற்பகலில் 50 டிகிரி செல்சியஸை எட்டும். 15 செ.மீ. ஆழத்தில் 40ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்தச் சூடு ஒரே நாளில் எதையும் கொல்லாது. நாள்தோறும் சில மணி நேரமாக வாரக்கணக்கில் சேர்ந்துதான் வேலை செய்கிறது. ஆகவே 4 வாரம் குறைந்தபட்சம். 6 வாரம் கிடைத்தால் மிக நல்லது. ஆடிப்பட்டத்துக்கு நடுபவர்கள் ஏப்ரல் நடுவில் மூடினால் கத்திரி வெயில் முழுவதும் உள்ளே சேரும்.

முந்தைய பயிரின் கட்டை, வேர், கல் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு, கட்டி உடையும்வரை உழுங்கள். ரொட்டவேட்டர் ஓட்டினால் நல்லது. தொழுவுரம் போடுவதாக இருந்தால் இப்போதே போட்டுக் கலக்க வேண்டும். அதிலுள்ள களை விதைகளும் சேர்ந்து சாகும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் கழிவு கிடைத்தால் நறுக்கிக் கலக்கலாம். அது அழுகும்போது வெளியாகும் ஆவி தாளுக்குள் அடைபட்டு நூற்புழுவையும் பூசணத்தையும் கூடுதலாகத் தாக்கும். மேட்டுப்பாத்தி போடுவதானால் மூடுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு மண்ணைச் சமன்செய்து, ஓர் அடி ஆழம் நனையும்படி நீர் பாய்ச்சுங்கள். ஓரிரு நாள் கழித்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும், சேறு ஒட்டாது என்ற பதம் வந்ததும் தாளை விரிக்கலாம். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் தாளுக்கு அடியிலேயே விட்டுவைத்தால், இடையில் ஈரம் குறையும்போது தாளைத் தூக்காமல் நீர் விடலாம்.

தாள் மண்ணோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். கட்டியும் குச்சியும் இருந்தால் இடையில் காற்று தங்கி மண் சூடேறாது, தாளும் கிழியும். நான்கு புறமும் 15 முதல் 20 செ.மீ. ஆழக் கால்வாய் எடுத்து, ஓரத்தை அதற்குள் இறக்கி மண் போட்டு மிதித்துவிடுங்கள். மேலே கல்லை வைத்து நிறுத்துவது போதாது. பலமான காற்று ஒரே இரவில் தூக்கிவிடும்.

தாளின் கனம் 25 மைக்ரான் என்றால் சூடு நன்றாக ஏறும், விலையும் குறைவு, ஆனால் சீக்கிரம் கிழியும். காற்று பலமாக வீசும் இடங்களில் 50 மைக்ரான் எடுப்பதே நல்லது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் தாளா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணத் தாள் வெயிலில் நொறுங்கி வயலெல்லாம் துண்டாகச் சிதறும், அதைப் பொறுக்கி முடியாது. ஒரு கிலோ 25 மைக்ரான் தாள் சுமார் 43 சதுர மீட்டரையும், 50 மைக்ரான் தாள் சுமார் 21 சதுர மீட்டரையும் மூடும். ஒரு சென்ட் நாற்றங்காலுக்கு 50 மைக்ரானில், ஓரம் புதைப்பதையும் சேர்த்து, இரண்டரைக் கிலோ போதும். முழு ஏக்கருக்கு 25 மைக்ரானிலேயே நூறு கிலோவுக்கு மேல் ஆகும். ஆகவே முதலில் நாற்றங்கால், பிறகு பசுமைக்குடில், இஞ்சிப் பாத்தி என்று வருமானம் கூடுதலாக உள்ள இடங்களுக்குச் செய்வதே கட்டுபடியாகும். பசுமைக்குடிலில் தாளை விரித்த பின் பக்கத் திரைகளையும் இறக்கிவிட்டால் சூடு இன்னும் ஏறும். வெள்ளரி, குடைமிளகாய் போடும் குடில்களில் நூற்புழு பெரும் தொல்லை என்பதால் இதை அவசியம் செய்யச் சொல்வோம்.

மூடிய பிறகு வாரத்துக்கு இருமுறையாவது சுற்றிப் பாருங்கள். கிழிசலை அன்றே நிறமற்ற டேப்பால் ஒட்டுங்கள். நாய் நடந்த ஓட்டை போதும், அந்த இடம் ஆறிப்போகும். கோடை மழை பெய்து தாள் மேல் தேங்கிய நீரையும் படிந்த புழுதியையும் தள்ளிவிடுங்கள். இரண்டும் வெயிலை மறைக்கும். பாத்தியின் ஓரம் எப்போதும் நடுவைவிடக் குளிர்ந்தே இருக்கும். ஓரத்து ஓர் அடியில் விதைக்காமல் விடுங்கள்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தாகாது. கோரைக்கிழங்கு ஆழத்தில் பிழைத்துக்கொண்டு, மெல்லிய தாளைக் குத்திக்கொண்டே மேலே வரும். பயறு வகைகளில் வேரழுகலை உண்டாக்கும் மேக்ரோஃபோமினா சூட்டைத் தாங்கும் பூசணம். பாக்டீரியா வாடல் நோயில் பலன் இடத்துக்கு இடம் மாறுகிறது. நூற்புழுவில் ஒரு பகுதி கீழே இறங்கித் தப்பிக்கும். ஆகவே ஆழ வேர் விடும் வாழைக்கும் மரப்பயிர்களுக்கும் இதை நம்பி இருக்க முடியாது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் திறந்த வயலில் செய்வதும் வீண்.

தாளை எடுத்த பின் செய்யும் தவறுதான் ஆறு வார உழைப்பைக் கெடுப்பது. மறுபடி ஆழ உழுதால், சூடு படாத கீழ்மண் நோயோடு மேலே வரும். 5 செ.மீ.க்கு மேல் கிளறாமல், களைக்கொத்தால் கீறி விதைக்கவோ நடவோ செய்யுங்கள். உடனே டிரைக்கோடெர்மா விரிடியைப் போட்டுவிடுவது மிக முக்கியம்: ஏக்கருக்கு ஒரு கிலோ, 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து. போட்டிக்கு ஆள் குறைந்த மண்ணில் முதலில் குடியேறுவது நன்மை செய்யும் பூசணமாக இருக்கட்டும். சூட்டில் மண்ணிலுள்ள தழைச்சத்தும் பயிருக்கு எட்டும் வடிவில் வெளியாகும். அடியுர யூரியாவை அதற்கேற்பக் குறைக்கலாம். நோயுள்ள வயலிலிருந்து வழியும் நீர், சேறு ஒட்டிய டிராக்டர், வெளியில் வாங்கிய நாற்று ஆகியவற்றின் வழியாகத்தான் நூற்புழு திரும்ப வருகிறது. கருவிகளைக் கழுவிவிட்டே உள்ளே கொண்டுவாருங்கள்.

பைகளில் நாற்று வளர்ப்பவர்கள் மண்கலவைக்கும் இதைச் செய்யலாம், அங்கே நாட்களும் குறையும். சிமென்ட் தளத்தில் நிறமற்ற தாளைப் போட்டு, ஈரக்கலவையை ஓர் அடிக்கு மேற்படாமல் பரப்பி, மேலே ஒரு தாளால் மூடுங்கள். அதன் மேல் வளைவுக் கம்பி வைத்து, சற்று இடைவெளி விட்டு இரண்டாவது தாளையும் மூடுங்கள். கலவையின் நடுவில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். எங்கும் 70 டிகிரி அரை மணி நேரமோ, 60 டிகிரி ஒரு மணி நேரமோ நின்றால் கலவை தயார். அதை எடுத்து நிரப்பும் பைகளும் மண்வெட்டியும் பழைய மண் ஒட்டாதவையாக இருக்க வேண்டும்.