முரட்டுக் குதிரை என்று முடிவு செய்வதற்கு முன்

அண்மையில் மறுவாழ்வுப் பயிற்சிக்காக என்னிடம் அனுப்பப்பட்ட ஒரு பெட்டைக் குதிரையுடன், ஒரு பை நிறையக் கடிவாள இரும்புகளும் வந்திருந்தன. ஒன்றுக்கு அடங்காதபோது அதைவிடக் கடுமையான இன்னொன்று என்ற வரிசையில் அவை வாங்கப்பட்டிருந்தன என்பது எடுத்துப் பார்த்ததுமே தெரிந்தது. வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வருகிறது, கேன்டர் எனும் மிதமான பாய்ச்சலுக்குத் தூண்டினால் பின்கால்களை உதறித் துள்ளுகிறது, ஏறியவரைத் தள்ளிவிட்டு ஓடுகிறது என்பது உரிமையாளரின் முறையீடு. பெட்டைக்கே உரிய குணம் என்பது அதுவரை பயிற்றுவித்தவர்களின் தீர்ப்பு. எண்டோஸ்கோப்பில் பார்த்தபோது இரைப்பையின் மேற்பகுதியில் பரவலாகப் புண்கள் இருந்தன. சேணத்தின் பின்விளிம்பு அழுத்தும் இடத்தில் விரலை வைத்தாலே அது முதுகைத் தாழ்த்தி விலகியது. இப்படி ஒரு குதிரையை முதன்முறையாகப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

குதிரை வேண்டுமென்றே செய்கிறது என்ற நம்பிக்கையைப் போல் இந்தத் துறையில் தீங்கு செய்தது வேறொன்றுமில்லை. நேற்று அடித்ததற்காக இன்று பழிவாங்கத் திட்டமிடும் விலங்கு அல்ல குதிரை. அது வேட்டையாடப்படும் இனம். வலியை வெளியே காட்டினால் கூட்டத்தில் முதலில் பிடிபடுவது தானாகவே இருக்கும் என்பதால், அதை மறைத்துக்கொள்ளவே அதன் உடல் பழகியிருக்கிறது. ஆகவே வலியால் கத்துவதில்லை, அழுவதில்லை. காதுகளைப் பின்னால் விறைக்கிறது, கண்ணுக்கு மேலுள்ள தசையை இறுக்குகிறது, மூக்குத் துளைகளையும் தாடையையும் இறுக்குகிறது. முகத்தின் இந்த மாற்றங்களை மதிப்பெண் இட்டுக் கணக்கிடும் அளவுகோல் ஒன்று 2014 முதலே நம் கையில் இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் பலரும் ‘முறைக்கிறது’ என்கிறார்கள்.

சவாரியின்போது வெளிப்படும் வலிக்கும் இதே போன்ற பட்டியல் உண்டு. குதிரை எலும்பியலில் நீண்ட காலம் பணியாற்றிய கால்நடை மருத்துவர் சூ டைசனும் உடன் ஆய்வாளர்களும் 24 நடத்தைகளைத் தொகுத்திருக்கிறார்கள்: திரும்பத் திரும்ப வாயைத் திறப்பது, வாலை விளாசுவது, தலையை ஆட்டுவது, கேன்டரில் பின்கால்களை மாற்றி வைப்பது, முன்னே போக மறுப்பது எனப் போகும் அந்தப் பட்டியலில் எட்டோ அதற்கு மேலோ காணப்பட்டால், எலும்பு அல்லது தசை சார்ந்த வலி இருக்க வாய்ப்பு மிகுதி என்று கொள்ள வேண்டும். வாதாடுபவர்களுக்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது இதற்கு அடுத்த பகுதியைத்தான். வலி இருப்பதாகக் கருதப்பட்ட இடத்துக்குச் செல்லும் நரம்பை ஊசி மருந்தால் மரத்துப்போகச் செய்துவிட்டு, அதே குதிரையின் மீது அதே ஆள் ஏறி மீண்டும் சவாரி செய்தபோது, அந்த நடத்தைகள் உடனே குறைந்தன. அது திமிராக இருந்தால் கணுக்காலில் போட்ட ஊசிக்குத் திமிர் எப்படி அடங்கும்? இதற்கு இதுவரை எவரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

‘ஆனால் அது நொண்டவே இல்லையே’ என்பது அடுத்த மறுப்பு. ஒரு முன்காலில் மட்டும் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும். அதை எவரும் கண்டுகொள்ளலாம். இரண்டு முன்கால்களும் ஒன்றுபோல் வலித்தால் தலை எதற்காக எழ வேண்டும்? அடியெடுப்பு குறுகும், திருப்பங்களில் தயங்கும், தாண்ட வேண்டிய இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். மேய்ச்சல் நிலத்தில் துள்ளி ஓடுகிறதே என்பார்கள். முதுகில் ஆளும் சேணமும் இல்லாமல், தான் விரும்பிய திசையில், உடன் குதிரைகளின் உற்சாகத்தில் சில நிமிடங்கள் ஓடுவதும், சிறு வட்டத்தில் ஒருவரைச் சுமந்துகொண்டு அரைமணி நேரம் ட்ராட் எனும் துள்ளுநடையில் ஓடுவதும் ஒன்றல்ல. சில நாள் வலிமருந்து கொடுத்தும் மாறவில்லை, எனவே குணம்தான் என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. குதிரைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் வலிமருந்தான ஃபினைல்பியூட்டசோன் எல்லா வலிக்கும் கேட்பதில்லை; இரைப்பைப் புண்ணுக்கு அது உதவாது என்பதோடு, புண்ணையே உண்டாக்கவும் செய்யும். மருந்துக்கு அடங்காததால் வலியே இல்லை என்று ஆகிவிடாது.

உடலையும் மனத்தையும் சேர்த்துப் பார்க்கும் முழுமைப் பயிற்சி என்று விளம்பரம் செய்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நானும் அந்தப் பெயரில்தான் வேலை செய்கிறேன். குளம்பு, பல், இரைப்பை, முதுகு, சேணம், தீவனம், தூக்கம், துணை ஆகிய ஒவ்வொன்றையும் பார்த்த பிறகே பயிற்சியைத் தொடங்குவது என்பதே அதன் பொருள். மருத்துவரைத் தவிர்த்துவிட்டு எண்ணெய் தடவுவதும் காந்தப் போர்வை போர்த்துவதும் அல்ல. மூலிகைதானே, இயற்கையானதுதானே என்று வில்லோ மரப்பட்டைப் பொடியைத் தீவனத்தில் கலப்பவர்கள், அதிலுள்ள சாலிசின் ஆஸ்பிரினுக்கு உறவான வலிநீக்கி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பொடியாகக் கொடுத்தாலும் ஊசியாகப் போட்டாலும், நோய் இன்னதென்று அறியாமல் வலியை மட்டும் மறைத்து வேலை வாங்குவது ஒரே செயல்தான்.

இரைப்பையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலும் நம் வசதிக்காக நாமே உண்டாக்கும் நோய் அது. குதிரையின் இரைப்பை உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் முழுவதும் அமிலம் சுரக்கிறது. அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதிக்குத் தற்காப்புப் படலம் உண்டு, மேற்பகுதிக்கு இல்லை. இரவெல்லாம் வெறும் லாயத்தில் நிறுத்தி, காலையில் ஒரு வாளித் தானியத்தைக் கொடுத்து, உடனே ஓட்டத்துக்கு இழுத்துச் சென்றால், ஓட்டத்தின் அழுத்தத்தில் அமிலம் மேலேறி அந்தப் பாதுகாப்பற்ற சுவரில் படும். நாள்தோறும் உடல் எடையில் குறைந்தது 1.5 விழுக்காடு உலர்நிறையாவது, அதாவது ஈரத்தை நீக்கிக் கணக்கிட்ட எடையாவது, நாரூட்டம் மிக்க புல் தீவனமாக இருக்க வேண்டும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 7.5 கிலோ. அதையும் ஒரே வேளையில் கொட்டாமல் நாள் முழுவதும் கிடைக்கும்படி பிரித்து வையுங்கள். சவாரிக்கு முன் சிறிதளவு புல் கொடுங்கள். வெறும் வயிற்றோடு ஓடுவதுதான் நல்லது என்ற பழைய பாடத்தை விட்டுவிடுங்கள். புண் இருக்கிறதா என்பதை எண்டோஸ்கோப்பால் மட்டுமே உறுதி செய்ய முடியும். என்னாலும்கூட வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது.

தூக்கத்தை எவரும் என்னிடம் கேட்பதில்லை, எனவே இடையில் ஒரு சொல். குதிரை நின்றபடியே உறங்கும் என்பது பாதி உண்மை. ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். எழும்போது வலிக்கும் என்று அஞ்சிப் படுக்காத குதிரை, நின்ற நிலையில் திடீரென முன்கால்கள் மடியச் சரியும். முன்கால் மூட்டுகளின் முன்பக்கத்தில் ஆறாத சிராய்ப்புகள் இருந்தால், லாயக் கதவில் இடித்துக்கொண்டது என்று விட்டுவிடாதீர்கள்.

காயத்துக்குப் பிறகான மறுவாழ்வில் என் பொறுமையை அதிகம் சோதிப்பது தசைநாண் காயம். முன்காலின் பின்புறம் ஓடும் மேல்மடக்குத் தசைநாணில் கிழிசல் ஏற்பட்டால், சில வாரங்களில் வீக்கமும் சூடும் அடங்கிவிடும், நடையில் நொண்டல் தெரியாது, உரிமையாளருக்குக் கை அரிக்கத் தொடங்கும். அப்போது உள்ளே இருப்பது ஒழுங்கற்றுப் பின்னிய வலுவற்ற இழை மட்டுமே. அது பாரம் தாங்கும் நிலையை எட்ட 9 முதல் 12 மாதங்கள், சிலவற்றில் அதற்கு மேலும் ஆகும். அதற்காக அத்தனை மாதமும் லாயத்தில் பூட்டிவைப்பதும் தவறு, ஏனெனில் அளவான பாரம் பட்டால்தான் புதிய இழைகள் இழுவிசையின் திசையில் வரிசைப்படும். கையில் பிடித்து நேர்கோட்டில் நடத்துவதில் தொடங்கி, நிமிடங்களைச் சிறிது சிறிதாகக் கூட்டி, அடுத்த படிக்குப் போகும் முன் ஒவ்வொரு முறையும் அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான், மறுக்கவில்லை. அந்த அலுப்பைத் தாங்க முடியாமல் ஆறாம் மாதத்தில் ‘ஒரே ஒரு முறை’ ஓட விட்டுப் பார்த்த குதிரைகளே மீண்டும் என் வாசலுக்கு வருகின்றன.

முதுகு வலித்த குதிரைக்கு வலி நீங்கியதும் முதுகெலும்பை ஒட்டியுள்ள ஆழ்தசைகள் தாமாகப் பழைய பருமனுக்கு வந்துவிடுவதில்லை. கேரட்டைக் காட்டித் தலையை மார்புக்கும், முன்னங்கால்களுக்கு இடையிலும், விலாப்பக்கமாகவும் கொண்டுவரச் செய்யும் எளிய பயிற்சியை வாரத்தில் ஐந்து நாள் வீதம் மூன்று மாதங்கள் தொடர்ந்து செய்தபோது அந்தத் தசைகள் பருத்ததை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எட்டே குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வுதான். எனினும் என் அனுபவமும் அதையே சொல்கிறது. கழுத்தை மெதுவாக நீட்டவிடுங்கள்; கேரட்டைப் பிடுங்கித் தின்னும் வேகத்தில் செய்தால் பயன் இல்லை. நீர்த் தொட்டியில் நடத்தும் இயந்திரம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி மூழ்காது.

வலி போன பிறகும் வலியின் நினைவு போவதில்லை என்பதால் பயிற்சியாளரின் பணி அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்றுவாரைக் கண்டதும் மூச்சை அடக்கும் குதிரைக்கு, முதலில் அதைத் தொடாமல் அருகில் காட்டி, பிறகு தளர்வாகச் சுற்றி, ஒவ்வொரு படியிலும் குதிரை தலையைத் தாழ்த்தி வாயை மெல்லும் வரை காத்திருந்து கற்பிக்க வேண்டும். அழுத்தத்தை எந்த நொடியில் விலக்குகிறோமோ அந்த நொடியில் செய்ததையே குதிரை பாடமாகக் கொள்ளும். தாமதமாக விலக்குபவர் தவறான பாடத்தைக் கற்பித்துவிட்டுக் குதிரையின் அறிவைக் குறை சொல்லக் கூடாது. எதற்கும் எதிர்வினை காட்டாமல், கண் மங்கி, சொன்னதை எல்லாம் செய்யும் குதிரையைப் பார்த்து ‘திருந்திவிட்டது’ என்று மகிழ்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அது திருந்திவிட்டதா, கைவிட்டுவிட்டதா என்பதை வேறொருவர் கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என்னிடமோ வேறு எந்த மருத்துவரிடமோ வரும்போது குதிரையை மட்டும் கொண்டுவராதீர்கள். வழக்கமாகப் போடும் சேணத்தையும் கீழ்விரிப்பையும் கழுவாமல் அப்படியே கொண்டுவாருங்கள். வியர்வை படியாத உலர்ந்த திட்டு எங்கே இருக்கிறது என்பதை அந்த விரிப்பே காட்டிவிடும். ஓராண்டுக்கு முன் பொருந்திய சேணம் என்று வாதாட வேண்டாம். மறுவாழ்வில் முதுகின் வடிவம் மாறும், மாற வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும். பல் கடைசியாக எப்போது ராவப்பட்டது, லாடம் எப்போது மாற்றப்பட்டது, நாள்தோறும் எத்தனை கிலோ புல் என்பவற்றை எழுதி எடுத்துவாருங்கள். ‘நிறையப் போடுகிறோம்’ என்பது அளவு அல்ல. வீட்டில் எடுத்த சவாரிக் காணொளி இருந்தால் மிக நல்லது, அதிலும் நன்றாக ஓடியதைக் காட்ட வெட்டித் தொகுத்தது வேண்டாம், குதிரை மறுத்ததும் நீங்கள் சினந்ததும் உள்ள பகுதிதான் வேண்டும்.