அக்கசாலைக் குறி: புதினாவும் இல்லை, வார்ப்பும் இல்லை

பழைய 25 பைசா, 50 பைசா நாணயங்களை விற்பவர்கள் இப்போது தமிழிலேயே விவரம் எழுதுகிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஆண்டு எண்ணுக்குக் கீழே, நாணயம் அடித்த இடத்தைக் காட்டும் சின்னஞ்சிறு குறியைப் ‘புதினாக் குறி’ என்று எழுதுவதை எத்தனை நாள்தான் பொறுப்பது? மின்ட் என்ற ஆங்கிலச் சொல் புதினாவையும் குறிக்கும், நாணயம் அடிக்கும் இடத்தையும் குறிக்கும். எழுத்து ஒன்றே தவிர வேர் வேறு. நாணயத்துக்குரிய சொல் ரோமாபுரியின் ஜூனோ மொனேட்டா கோயிலின் பெயரிலிருந்து வந்தது. அதை ஒட்டித்தான் அங்கே காசு அடித்தார்கள். மொழிபெயர்ப்புக் கருவி புதினாவைப் பிடித்துக்கொண்டது. படித்துப் பார்க்காமல் ஒட்டியவர் மனிதர்.

தமிழில் இதற்குப் பழைய சொல் உண்டு: அக்கசாலை. பொன்வேலை நடக்கும் பட்டறை, காசு அடிக்கும் இடம் இரண்டையும் குறித்தது, பொற்கொல்லர் அக்கசாலையர். கொற்கைக்குப் பக்கத்தில் இதே பெயரில் ஓர் ஊரே இருக்கிறது. ‘அக்ஷசாலா’ என்று அர்த்தசாஸ்திரத்தில் வருகிறதே, வடசொல்தானே என்று தள்ளுகிறவர்கள் உண்டு. நூற்றாண்டுகளாகத் தமிழில் புழங்கிய சொல்லைத் தள்ளிவிட்டு இவர்கள் தரும் மாற்று என்ன? ‘நாணய வார்ப்பகம்’. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வார்ப்பது என்றால் உருக்கிய உலோகத்தை அச்சுக்குள் ஊற்றுவது. இன்றைய நாணயம் எதுவும் அப்படி உருவாவதில்லை. உலோகத் தகட்டிலிருந்து வட்டப் பில்லைகளை வெட்டி, சூடாக்கி மென்மைப்படுத்தி, ஓரத்தை உயர்த்தி, மேலும் கீழும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஓங்கி அழுத்துகிறார்கள். அதனால்தான் ‘காசு அடிப்பது’ என்கிறோம். பண்டைக் காலத்தில் வார்த்த காசுகளும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் இக்கால நாணயத்தில் வார்ப்பு என்பது போலியின் அடையாளம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும், எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும், பக்கவாட்டில் இரு பாதிகள் சேர்ந்த கோடு ஓடும். ‘மும்பை வார்ப்பு’ என்று எழுதுகிற விற்பனையாளர் தன் சரக்கைத் தானே போலி என்கிறார்! ‘அச்சகக் குறி’ என்பாரும் உண்டு; அது புத்தகம் அச்சிடும் இடத்தை நினைவூட்டும். நாணயச்சாலைக் குறி என்றால் குற்றமில்லை, தெளிவாகவே இருக்கிறது. சென்னையில் மின்ட் தெருவைத் தங்கசாலை என்று சொல்லிப் பழகிய காதுக்கு ‘சாலை’ உறுத்தாது.

சொல் இவ்வளவு முக்கியமா என்றால், சேகரிப்பவருக்கு அந்தக் குறிதான் முக்கியம். ஒரே ஆண்டில் ஒவ்வொரு அக்கசாலையும் அடிக்கும் எண்ணிக்கை வேறு. குறைவாக அடித்தது அரிது. மும்பைக்குச் சாய்சதுரம், ஐதராபாத்துக்கு ஐந்துமுனை நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப்புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. 1985 ஒரு ரூபாயில் ‘எச்’ எழுத்து இருந்தால் அது பர்மிங்காமில் அடித்தது. குறியில்லாததுபோல் காட்ட, இருக்கும் குறியைச் சுரண்டிவிடுவதும் நடக்கிறது. அப்படிச் செய்த இடத்தில் பளபளப்பு மாறியிருக்கும், விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் கீறல் ஒரே திசையில் ஓடும்.

அடுத்த கொடுமை, நாணயத்தின் பின்பக்கத்தைக் குறிக்கும் ‘ரிவர்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் ‘தலைகீழ்ப் பக்கம்’ என்று எழுதுவது. பூவா தலையா என்று கேட்டு வளர்ந்த நமக்குப் பின்பக்கத்தைப் ‘பூப்பக்கம்’ என்று சொல்ல வராதா? இங்கேயும் பொருள் கெடுகிறது. நம் நாணயத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். அச்சு சுழன்றுபோய் உண்மையிலேயே தலைகீழாக விழுந்த பிழைநாணயத்துக்குத் தனி விலை உண்டு. எல்லாவற்றையும் தலைகீழ் என்று எழுதிவிட்டால் அந்தப் பிழையை எப்படிச் சொல்வது? ‘சுழற்சிக்கு வராத நாணயம்’ என்பதும் இதே ரகம். கைமாறாத நாணயம் புழக்கத்துக்கு வராதது. சுழற்சி மின்விசிறிக்கு உரியது.

காண்டாமிருக 25 பைசாவுக்கு லட்சங்கள் என்று கூவும் விளம்பரங்களில்தான் இந்தத் தமிழ் அதிகம் கண்ணில் படுகிறது. 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. செல்லாமல் போனது வேறு, அரிதானது வேறு. ஏராளமாக அடித்த, தேய்ந்த நாணயத்துக்குப் பெரிய விலை கிடையாது. ரிசர்வ் வங்கியும் தன் பெயரைச் சொல்லி நடக்கும் பழைய நாணய பேரங்களைப் பற்றி 2021-இல் எச்சரித்தது.

விவரம் எழுதுவதானால் இவ்வளவு போதும்: 25 பைசா, 1994, பூப்பக்கம் காண்டாமிருகம், நொய்டா அக்கசாலை, ஆண்டின் கீழ் புள்ளி, துருப்பிடிக்காத எஃகு, 19 மி.மீ., புழங்கியது.